பிளஸ் ஒன் முடித்த பிள்ளைக்கு இரண்டு வார ஆர்க்கிடெக்சர் முகாம்: அனுப்பலாமா?

இந்த மே மாதம் என் மகளை ஒரு ஆர்க்கிடெக்சர் கோடை முகாமுக்கு அனுப்பினோம். பயோ-மேத்ஸ் குரூப், பிளஸ் டூ போகிறாள். ஒன்பதாவதிலிருந்தே "நான் ஆர்க்கிடெக்ட் ஆகணும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த வேலையில் ஒரு நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் போனில் பார்த்த அழகான வீடுகள்தான் தெரியும். பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு, அதில் மூன்றாம் வருடம் வந்து "இது எனக்கு ஒத்துவரலை" என்று சொன்னால் யாருக்கும் நல்லதில்லை, அதனால் முதலில் பன்னிரண்டு நாள் போய்ப் பார்க்கட்டும் என்று சேர்த்தோம்.

சென்னைப் புறநகரில் இருக்கிற ஒரு கட்டடக்கலைக் கல்லூரி நடத்திய முகாம். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே சில குறைகளையும் எழுதப்போகிறேன், அவற்றை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை, மதியச் சாப்பாடு நாமே கொடுத்தனுப்ப வேண்டும். கட்டணம் 14,000 ரூபாய். அட்டை, பசை, கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பட்டர் பேப்பர் என்று தனியாக 2,600 ஆனது, இதைப் பணம் கட்டும்போது யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் ஸ்கேலே கொடுக்கவில்லையாம். சாண், முழம், காலடி வைத்து வகுப்பறை பெஞ்சையும் கதவையும் அளந்து வரையச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலும் ஏதாவது ஒன்றை அளந்து வரச் சொன்னார்கள் என்று சமையலறைக்கு வந்து நின்றாள். எங்கள் சமையல் மேடை 36 அங்குலம், நான் ஐந்து அடிகூட இல்லை. "அம்மா, நீ தோசை ஊத்தும்போது தோளைத் தூக்கிட்டே நிக்கிறே, மேடை உனக்கு ரெண்டு மூணு இஞ்ச் அதிகம்" என்றாள். பதினொரு வருடமாக அந்தத் தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே முகாமுக்குக் கொடுத்த பணத்தில் பாதி எனக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

முகாமின் மையம் ஒரே ஒரு வேலைதான்: ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடை வடிவமைக்க வேண்டும். கேட்டபோது எனக்குச் சப்பென்று இருந்தது, வீடு, பள்ளிக்கூடம் என்று பெரிதாக ஏதாவது கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர்கள் அதை நடத்திய விதம் அருமை. பிள்ளைகள் முதலில் வளைவும் நெளிவுமாகக் கூரை வரைந்திருக்கிறார்கள், ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் எல்லோரையும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை நிற்கவைத்துவிட்டார். நிழற்குடைக்குள் இரண்டே பேர். மற்ற எல்லோரும் பத்தடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில், அதிலும் இடம் கிடைக்காதவர்கள் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக. ஏன் என்று பார்த்தால் அந்த நிழற்குடை மேற்கைப் பார்த்து நிற்கிறது, சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, உட்கார்ந்தால் விளம்பரப் பலகை மறைத்து வருகிற பஸ் தெரியவில்லை, இருக்கை சரிவாக இருப்பதால் கூடை வைத்திருக்கிற அம்மா அதைக் கீழேதான் வைக்க வேண்டும். இதையெல்லாம் பிள்ளைகளே பார்த்து எழுதி வந்தார்கள், யாரும் சொல்லித்தரவில்லை. என் மகள் முதல் கூரையை அன்று இரவே கிழித்துப் போட்டாள்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. மே மாதம் நடு மதியம் மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்க்கச் சொன்னார்கள். நிழல் தெற்கே விழுந்தது! நம் ஊரில் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம் சாய்ந்துதான் போகும் என்று நானும் நினைத்திருந்தேன். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை மதியத்தில் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. அதாவது நமக்கு மிகக் கொடுமையான அந்த மாதங்களில் வடக்குச் சன்னலுக்கும் மறைப்பு வேண்டும். பத்தாம் வகுப்பு புவியியலில் படித்ததைக் கூரையின் அளவாக மாற்றிக் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒரு நாள் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கு அழைத்துப்போனார்கள். லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் திட்டமிட்டுக் கொடுத்த, 1996-இல் திறந்த இடம், பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் குடும்பமாக இரண்டு முறை போயிருக்கிறோம், செல்பி எடுத்து வந்திருக்கிறோம். இவள் இந்த முறை செட்டிநாட்டு வீட்டின் திண்ணையை மட்டும் இரண்டு மணி நேரம் அளந்திருக்கிறாள். திண்ணை எவ்வளவு உயரம், தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி, தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீட்டுக்குள் எதுவரை தெரியும் என்று ஒரு குறுக்குவெட்டுப் படம். அதைப் பார்த்தபோதுதான் முற்றம் ஏன் அங்கே இருக்கிறது, காற்று எப்படி உள்ளே வந்து மேலே போகிறது என்பது எனக்கே புரிந்தது.

நான் ஒரு மேஸ்திரியின் மகள். அப்பா நாற்பது வருடம் வீடு கட்டியவர். அதனால் செங்கல் கட்டிய நாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு அனுபவமுள்ள கொத்தனாரைக் கூப்பிட்டு, அவரையே ஆசிரியராக நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாக அறிமுகம் செய்துவிட்டு, பிள்ளைகள் கையில் கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் எல்லாம் கையால் தொட்டுப் பார்த்தாள். பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற முறையில், செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டு, இடுப்பளவு சுவர் எழுப்பினார்கள். இதில் செங்கல் கால்வாசி வரை மிச்சமாகும், நடுவில் காற்று நிற்பதால் சூடும் குறைவாக இறங்கும். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னாள். "நான் கேள்விப்பட்டிருக்கேன் பாப்பா, செஞ்சதில்ல, இங்க யாரும் கேட்டதில்ல" என்றார். கடைசி நாள் அவரும் வந்திருந்தார், ஜூரிக்கு (பிள்ளைகள் தாங்கள் செய்ததை ஆசிரியர்கள் முன் வைத்து விளக்கும் நிகழ்ச்சி) போவதற்கு முன் அந்தச் சுவரைத்தான் முதலில் போய்ப் பார்த்தார், ஓரிடத்தில் விரலை வைத்து இங்கே மட்டம் தப்பியிருக்கிறது என்று காட்டினார்.

எட்டாம் நாள் இரவு அழுதாள். 1:50 அளவில், அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்காகச் செய்த நிழற்குடை மாடலை இரண்டாவது முறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மழை வந்தால் வெளியே நிற்கிற நாற்பது பேரும் எங்கே போவார்கள் என்று ஆசிரியை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், இவளிடம் பதில் இல்லை. ராத்திரி பதினொன்றரை வரை அட்டையை அளந்து வெட்டி ஒட்டி, மறுபடி பிரித்து ஒட்டினாள். இந்த இரவுக்காகத்தான் முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று நான் நினைக்கிறேன். படம் அழகாக வரும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், செய்ததைக் கலைத்துவிட்டுத் திரும்பச் செய்ய மனசு இருக்கிறதா என்பது வீட்டில் உட்கார்ந்து தெரியாது. கூடப் படித்த ஒரு பையன் ஆறாம் நாளே "எனக்கு இது வேண்டாம்" என்று முடிவு செய்துவிட்டானாம், அவன் அம்மா என்னிடம் நிம்மதியாகத்தான் சொன்னார்.

இப்போது குறைகள். கம்ப்யூட்டருக்கு இரண்டு நாள் ஒதுக்கி ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருள் கற்றுத்தருவதாகப் போட்டிருந்தார்கள். 22 பிள்ளைகளுக்கு வேலை செய்த கணினி ஒன்பது. அந்த இரண்டு நாளும் வீண், அதற்குப் பதில் இன்னொரு நாள் வெளியே கூட்டிப்போயிருக்கலாம். கூரான கட்டரைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு முதலுதவிப் பெட்டியில் பஞ்சுகூட வைக்கவில்லை, ஒரு பெண்ணுக்கு விரல் வெட்டியபோது வாட்ச்மேன்தான் ஓடிப்போய் மருந்துக்கடையில் வாங்கி வந்தார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது கடைசி நாள். பெற்றோரைப் பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் கல்லூரி அட்மிஷன் பற்றிப் பேசினார்கள், இப்போதே முன்பணம் கட்டினால் சலுகை என்று படிவம் வேறு கொடுத்தார்கள். அதனால் ஜூரிக்கு நேரம் போதாமல் ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிடம். மூன்று முறை கலைத்துச் செய்த மாடலை வைத்துக்கொண்டு என் மகள் பேச ஆரம்பித்ததும் "நெக்ஸ்ட்" என்றார்கள். பிள்ளையின் உழைப்புக்கு அது அநியாயம்.

நாட்டா (பி.ஆர்க். சேர எழுதும் நுழைவுத் தேர்வு) பயிற்சி என்று நினைத்து அனுப்பாதீர்கள், சில பெற்றோர் அப்படி எதிர்பார்த்து வந்திருந்தார்கள். ஆனால் தொழில் பற்றி ஒரு மதியம் பேசியது நேர்மையாக இருந்தது. பழைய மாணவர்கள் நான்கு பேர் வந்தார்கள், ஒருவர் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறவர், ஒருவர் தோட்டம், பூங்கா வடிவமைக்கிறவர், ஒருவர் சினிமா செட், ஒருவர் சைட்டிலேயே நிற்கிறவர். தொடக்கச் சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம் என்று மறைக்காமல் சொன்னார்கள். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம், தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நாட்டா மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சரிபாதி, திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடங்களுக்கு ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள், படித்து முடித்துக் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972 சட்டம் அனுமதிக்கும் என்பதெல்லாம் அன்றுதான் எங்களுக்குத் தெளிவானது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அந்த ஆசிரியைக்கும் கொத்தனாருக்கும் மட்டும் என்றால் ஐந்து. எங்கே சேர்ப்பதாக இருந்தாலும் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை நாள் வகுப்பறைக்கு வெளியே, ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், ஜூரியில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம். மகள் நாட்டா எழுதப்போகிறாள். சமையல் மேடையை அடுத்த மாதம் இடித்து 33 அங்குலத்தில் போடுகிறோம், வரைபடம் அவளுடையது, வேலை என் அப்பாவின் மேற்பார்வையில்.