சாந்தோமா, சின்னமலையா, பரங்கிமலையா: அரை நாள் கையில் இருந்தால் எங்கே போவது?

வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் நண்பர்கள் மெரினாவைப் பார்த்து முடித்ததும் அடுத்துக் கேட்பது சாந்தோம் பேராலயத்தைத்தான். கடற்கரைச் சாலையில் அப்படியே தெற்கே போனால் வெள்ளைவெளேரென்று கோபுரம் தெரியும். இறங்கி, இருபது நிமிடம் சுற்றிவிட்டு, வாசலில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இப்படிப் பலரை நானே அழைத்துப் போயிருக்கிறேன். அப்படிப் போவதில் பாதிக் கதை விட்டுப்போகிறது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

சாந்தோம் ஒரு கதையின் கடைசி அத்தியாயம். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமா கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார், பிறகு மயிலாப்பூர் வந்தார், 72இல் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவர் ஒளிந்திருந்த குகை சைதாப்பேட்டைக்குப் பக்கத்தில் சின்னமலையில். உயிர் விட்ட இடம் பரங்கிமலை. அடக்கம் செய்த இடம் சாந்தோம். மூன்றும் ஒரே நகரத்துக்குள் இருக்கின்றன. தோமா இங்கே வந்தாரா என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இந்தக் கரையில் தோமாவின் கல்லறை இருப்பதையும், அங்கே கிறிஸ்தவர்களோடு இசுலாமியரும் வணங்கப் போவதையும் எழுதியிருக்கிறார். அதாவது போர்ச்சுக்கீசியர் வருவதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே இது யாத்திரைத் தலம்.

சரி, அரை நாள்தான் இருக்கிறது, ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் எது? என் பதில் பரங்கிமலை. சாந்தோமைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனாலும் காரணம் இருக்கிறது.

கடலோரத்துப் பேராலயம்

முதலில் சாந்தோமைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். இப்போது நிற்கும் கட்டடம் போர்ச்சுக்கீசியர் கட்டியதல்ல. அவர்கள் 1523 வாக்கில் கல்லறைமேல் எழுப்பிய கோயிலை இடித்துவிட்டு, ஆங்கிலேயர் காலத்தில் 1893இல் தொடங்கி 1896இல் முடித்த கட்டடம் இது. வரைந்தவர் கேப்டன் பவர் என்ற ராணுவப் பொறியாளர். ஐரோப்பாவில் இடைக்காலத்தில் இருந்த கோத்திக் பாணியை 19ஆம் நூற்றாண்டில் மறுபடி உயிர்ப்பித்தார்களே, அந்த வகை. கூர்மையான வளைவுகள், உயர்ந்த சன்னல்கள், 155 அடிக் கோபுரம். வெளியே நின்று பார்க்கும்போது இன்னொரு சின்னக் கோபுரத்தையும் கவனியுங்கள். கல்லறை இருக்கும் இடத்தைக் குறிக்க எழுப்பியது அது. படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெரிய கோபுரத்தை மட்டும் எடுத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.

உள்ளே நான் எல்லோரையும் நிறுத்திக் காட்டும் ஒன்று உண்டு. தாமரைமேல் நிற்கும் இயேசு, இரு பக்கமும் மயில். மயிலாப்பூர் என்ற பெயர் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அதேபோல மயிலை மாதா சுரூபம். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே சில மாதம் தங்கியிருந்தபோது இந்த மாதாவின் முன்னால்தான் செபித்தார் என்று சொல்வார்கள். தோமாவின் கதையைச் சொல்லும் வண்ணக் கண்ணாடி சன்னலை வெயில் ஏறிய பிறகு பார்க்க வேண்டும். மேகம் மூடிய நாளில் அது பாதிதான் பேசும்.

ஆனால் சாந்தோமின் உயிர் மேலே இல்லை, கீழே இருக்கிறது. கல்லறைச் சிற்றாலயத்துக்கு இப்போது தனி வழி வைத்திருக்கிறார்கள். மேலே பூசை நடந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் படியிறங்கிப் போகலாம். சிறிய அறைதான். சாலையின் ஓசை அங்கே எட்டாது. யாரோ ஒரு அம்மா செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டு முழந்தாளிட்டிருப்பார். பக்கத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் பரீட்சை எண்ணை எழுதிய காகிதத்தை உள்ளங்கையில் மடித்து வைத்திருப்பான். நெற்றியில் திருநீறோடு வந்து அமைதியாக உட்கார்ந்திருப்பவரையும் பார்த்திருக்கிறேன். சுற்றுலாப் பயணியாக வந்தவர் இங்கே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்காருவது.

உலகத்திலேயே திருத்தூதர் கல்லறைமேல் கட்டிய ஆலயங்கள் மூன்றுதான், உரோமையில் பேதுருவுக்கு, ஸ்பெயினில் சந்தியாகப்பர் எனும் யாக்கோபுக்கு, இங்கே தோமாவுக்கு என்று அடிக்கடி கேட்பீர்கள். உரோமையிலேயே பவுலுக்கும் அப்படி ஒரு பேராலயம் இருக்கிறது என்பதால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். இன்னொன்றும் தெரிந்துகொண்டு போவது நல்லது. தோமாவின் எலும்புகளில் பெரும்பகுதி பழங்காலத்திலேயே மேற்கே எதெஸ்ஸா நகரத்துக்குப் போய், 1258 முதல் இத்தாலியின் ஓர்த்தோனா ஊரில் இருக்கிறது. சாந்தோமில் இருப்பது கல்லறையும், திருப்பண்டம் என்று போற்றும் சிறு எச்சமும்தான். அதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. உடல் போன பிறகும் இத்தனை நூற்றாண்டுகளாக மக்கள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்களே, அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பேராலயத்தின் பின்பக்கம் கடலை நோக்கி நடந்தால் ஒரு கம்பம் நிற்கும். தோமா நட்டது, கடல் இதைத் தாண்டாது என்பது மீனவ மக்களின் நம்பிக்கை. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த நம்பிக்கை இன்னும் பலப்பட்டது.

குறை என்று சொன்னால், கூட்டமும் நெரிசலும். ஞாயிறு காலை முழுக்கப் பூசை. மேலே பூசை நடக்கும்போது நடைபாதையில் நடந்து படம் எடுப்பதுபோல மனம் நோகச் செய்யும் காரியம் வேறில்லை. வார நாளில் போவது நல்லது. இன்னொரு சாதகமும் உண்டு. கபாலீசுவரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் கோயில் முன்பு கடலோரத்தில் இருந்தது, போர்ச்சுக்கீசியர் காலத்தில்தான் இடம் மாறியது என்று மயிலாப்பூரில் பலரும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பவருக்கு இந்தக் கரையின் கதை, அதன் காயத்தோடு சேர்ந்து, முழுதாகக் கிடைக்கும்.

சின்னமலை

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. பாறைக்குள் ஒரு குகை, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே வெளிச்சம் வரும் ஒரு துவாரம். துரத்தி வந்தவர்களிடமிருந்து தோமா அதன் வழியாகத்தான் பரங்கிமலைப் பக்கம் தப்பிப் போனார் என்பார்கள். அவருடைய கைத்தடம் என்று பாறையில் ஒரு சுவடு காட்டுவார்கள். தண்ணீர் கேட்டு வந்த மக்களுக்காக அவர் பாறையைத் தட்டி வரவழைத்த ஊற்று என்று ஒன்றும் உண்டு. 1551இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய ஆரோக்கிய மாதா கோயிலும், பக்கத்திலேயே வட்ட வடிவில் புதிய ஆலயமும் இருக்கின்றன.

அரை மணி நேரம் போதும். மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டும் என்றால் பெரியவர்கள் மட்டும் வரும்போது இதைத்தான் விடுவேன். குழந்தைகள் கூட இருந்தால் விடவே மாட்டேன். பேராலயத்தின் வளைவுகள் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. ஆனால் ஒரு மனிதர் ஒளிந்த குகை, அவர் தப்பிய ஓட்டை என்றால் கண் விரியும். மெட்ரோவில் வருபவர்களுக்கு இதே பெயரில் நிலையம் இருப்பதால் அலைச்சலும் இல்லை.

பரங்கிமலை

சுமார் 300 அடி உயரம். மேலே வரை வண்டி போகும் பாதை இருக்கிறது, முட்டி வலிக்காரர்கள் அதில் வரலாம். முடிந்தவர்கள் படியேறுங்கள். இந்தப் படிகளை 18ஆம் நூற்றாண்டில் கட்டிக் கொடுத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் இருந்த பழைய மர்மலாங் பாலமும் அவர் காசில் எழுந்ததுதான். இப்போது அந்த இடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் மலைக்கு வரும் யாத்திரிகர்கள் தவித்ததைப் பார்த்துவிட்டு, எங்கோ தூரதேசத்தில் வேர்கொண்ட ஒரு வியாபாரி பாலமும் படியும் கட்டியிருக்கிறார். ஏறும்போது பக்கத்தில், இயேசு சிலுவை சுமந்து போன கதையைச் சொல்லும் சிலுவைப்பாதையின் நிலைகள் வரும். தவக்காலத்தில் ஒவ்வொரு நிலையிலும் நின்று செபித்தபடி குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். அவர்களை முந்திக்கொண்டு ஓடாதீர்கள், பின்னாலேயே மெதுவாகப் போங்கள். ஏறுவதும் இங்கே வழிபாடுதான்.

உச்சியில் இருக்கும் கோயில் சின்னது. சாந்தோமின் கம்பீரத்தை எதிர்பார்த்து வந்தவர் இதுதானா என்று கேட்பார். அவரைப் பீடத்துக்கு நேரே அழைத்துப்போய் நிறுத்துவேன். பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்த கல்லில் ஒரு சிலுவை. அதன்மேல் இறங்கி வரும் புறா. சுற்றி வளைந்து ஓடும் எழுத்து தமிழும் இல்லை, லத்தீனும் இல்லை. அது பகலவி, இடைக்காலப் பாரசீக எழுத்து. 1547இல் போர்ச்சுக்கீசியர் இங்கே தோண்டியபோது கிடைத்த கல். அவர்கள் கப்பலேறுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகத் திருச்சபையோடு உறவு வைத்திருந்த கிறிஸ்தவர்கள் இந்த மலையில் செபித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இதேபோன்ற சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் முதலான இடங்களில் இருக்கின்றன.

1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் இந்தக் கல்லில் இரத்தம்போல வியர்த்தது, பிறகும் பலமுறை நடந்தது, கடைசியாக 1704இல் என்று கோயில் வரலாறு சொல்கிறது. அதனால் இரத்தம் சிந்திய சிலுவை என்றே பெயர். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என்னை அங்கே பிடித்து நிறுத்துவது அந்த எழுத்துதான். சென்னையில் கண்ணுக்கு எட்டிய தூரத்தில், தொட்டுவிடும் கிட்டத்தில், இப்படி ஒரு பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேராமல், இன்றும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வணங்கப்படும் இடத்திலேயே இருக்கிறது.

வெளியே வந்தால் காட்சி. ஒரு பக்கம் மீனம்பாக்கம் ஓடுபாதை, விமானம் இறங்குவதை மேலிருந்து பார்க்கலாம். இன்னொரு பக்கம் நகரம் கடல்வரை விரிந்து கிடக்கும். தோட்டத்தில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. இந்தியாவை அளந்த பெரும் முக்கோண அளவைக்கு 1802 ஏப்ரல் 10 அன்று அவர் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது இந்த மலையடியில்தான். பிற்காலத்தில் இமயச் சிகரங்களின் உயரத்தைச் சொன்ன வேலை இங்கிருந்து கிளம்பியது. யாத்திரைக்காக வராதவருக்கும் மலை ஏதாவது ஒன்றைக் கொடுத்தே அனுப்பும்.

எது யாருக்கு?

கட்டடக் கலைக்காகப் போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், சாந்தோம். மற்ற இரண்டிலும் அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. வயதான பெற்றோரோடு வருகிறவர்களுக்கும் சாந்தோம்தான் வசதி. கல்லறைக்கு இறங்கும் சில படிகளைத் தவிர எல்லாம் சமதளம். மனம் கனத்து, ஒரு மூலையில் உட்கார வேண்டும் என்று தோன்றும் நாளிலும் நான் போவது அந்தக் கல்லறை அறைக்குத்தான்.

ஆனால் சென்னையை இதுவரை பார்க்காத ஒருவருக்கு, இந்த ஊர் 1639இல் ஆங்கிலேயர் நிலம் வாங்கியதோடு தொடங்கவில்லை என்று ஒரே காலையில் காட்ட வேண்டும் என்றால் பரங்கிமலைதான் காட்டும். சாந்தோம் பழமையான இடத்தில் நிற்கும் புதிய கட்டடம், அதன் பழமையை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மலையில் பழமை கண்முன்னாலேயே கல்லாக இருக்கிறது. மூன்றிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் செலவை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் கதை வரிசைப்படி குகை, மலை, கல்லறை என்று போகலாம்தான். ஆனால் சென்னை வெயில் அதற்கு இடம் கொடுக்காது. பத்து மணிக்குமேல் படிக்கல் சுடும். ஆகவே காலையில் முதலில் மலை. இறங்கி மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, சின்னமலையில் இறங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தாழ்ந்ததும், ஆட்டோ பிடித்து சாந்தோம். டிசம்பர் 18ஐ ஒட்டிய நாட்களில் மலையிலும், ஜூலை 3 தோமையார் திருநாளில் சாந்தோமிலும் கூட்டம் அலைமோதும். திருவிழா பார்க்க வேண்டும் என்றால் அப்போது வாருங்கள், சிலுவையையும் கல்லறையையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள் பாருங்கள்.

சாந்தோமில் கடைசியாகக் கல்லறைக்கு இறங்குங்கள். மேலே ஏறி வந்ததும் உடனே வண்டியைத் தேடாமல் பின்பக்கம் கம்பத்தைத் தாண்டி மணல்வரை நடந்துவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் படகுகளுக்குப் பக்கத்தில் வலை உலர்த்துவார்கள், ஆலயமணியும் அங்கே வரை கேட்கும்.