21 அடி போட், ஐந்து வருஷம், ஒரு மைலோ டின் நிறைய திருகாணி

போன வாரம்தான் போட் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. மூன்று வாரமாக இங்கே பினாங்கில் பத்து மாவுங் பக்கம் ஒரு கொட்டகையில் கட்டைமேல் ஏற்றி வைத்து, முன்பக்க அடிவயிற்றில் தலைமுடி அளவுக்கு ஓடியிருந்த விரிசல்களைச் சுரண்டி, புது ஃபைபர் ஒட்டி, மேலே ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு அடித்துக் கொடுத்தார்கள். 4,800 ரிங்கிட். அந்த பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு ஒரு தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால், கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்காரியின் தம்பி வாட்ஸாப்பில் கேட்கிறான்: "மச்சான், கடலுக்குப் போக எத்தனை அடி போட் இருந்தா போதும்?"

கேட்க நல்ல நேரம் பார்த்தான். போனில் பதில் அடித்தால் விரல் வலிக்கும், அதனால் இங்கே எழுதுகிறேன். 21 அடி, நடுவில் ஸ்டியரிங், 115 குதிரைசக்தி ஒற்றை என்ஜின், 150 லிட்டர் டாங்கி. மற்றதெல்லாம் தெரிந்த கதைதான். என்ஜினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, நேரத்துக்கு எண்ணெய் மாற்றி, வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் அது தன் பாட்டுக்கு ஓடுகிறது.

என் கோபமெல்லாம் போட்டின் நீளத்தின்மேலும் அடிப்பக்கத்தின்மேலும்தான். ஒவ்வொரு தடவை கடலுக்குப் போய் வந்ததும் தரையில் ஒரு திருகாணி கிடக்கும். எங்கிருந்து கழன்றது என்று தேடிப் பார்ப்பேன், கிடைக்காது. சரி, பிறகு பார்க்கலாம் என்று ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பேன். நேற்று கொட்டி எண்ணினேன், 41. போட் இன்னும் முழுசாகத்தான் இருக்கிறது, அது எனக்கே புரியாத ஆச்சரியம்.

விற்றவர் "பாஸ், இது லங்காவிக்கே தாங்கும்" என்றார். பொய் இல்லை, போட் தாங்கியது. தாங்காதது என் இடுப்பு. நம் மலாக்கா நீரிணையின் அலை உயரமான அலை இல்லை, நெருக்கமான அலை. மூன்று வினாடிக்கு ஒன்று வரும் அலைக்கு முகட்டுக்கு முகடு சுமார் 14 மீட்டர்தான் இருக்கும். என் போட் ஆறரை மீட்டருக்கும் குறைவு. ஒரு முகட்டைத் தாண்டியதும் மூக்கு நேராக அடுத்த குழிக்குள் போய் 'டொம்' என்று விழும், எழுந்திருக்குமுன் அடுத்தது வந்துவிடும். திறந்த பெருங்கடலில் பத்து வினாடிக்கு ஒருதரம் வரும் நீண்ட அலை என்றால் இடைவெளி 150 மீட்டருக்கு மேல். அதன் முதுகில் சின்னப் படகும் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், நம் ஊர் அலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் "ரெண்டு மீட்டர் அலைக்கு எத்தனை அடி" என்று கேட்பவர்களுக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது விஷயம், அடிப்பக்கத்தின் V கோணம், அதாவது அடிப்பக்கம் V எழுத்து மாதிரி எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது. என்னுடையது பின்பக்கம் 14 டிகிரிதான். 20, 22 டிகிரி உள்ள அடி அலையைக் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போகும், என்னுடையது கைவிரித்து அறைகிறது. ஆனால் நிறுத்தித் தூண்டில் போடும்போது கதை தலைகீழ். ஆழமான V தொட்டில் மாதிரி ஆடும், என்னுடையது கோயில் திண்ணை மாதிரி நிற்கும். பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் மீன் பிடித்ததற்கு இந்த 14 டிகிரிதான் காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வடக்கே இருக்கும் லங்காவித் தீவுக்கு ஒரே ஒரு தடவை போனேன், ஒரு பிப்ரவரி மாதம். சுமார் 60 கடல் மைல், 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் ஓடினால் மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். பாதியில் வடகிழக்குக் காற்று வலதுபக்க மூக்கில் பிடித்துக்கொண்டது. வேகம் 11 நாட் அளவுக்கு இறங்கியது. போட் முழுசாக எழும்பி ஓடாமல், முழுசாக இறங்கியும் போகாமல் இரண்டுங்கெட்டானாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, பெட்ரோல் முள் என் கண்ணெதிரே இறங்கியது. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. வழியில் இருக்கும் புலாவ் பாயார் தீவு தெரிந்தபோது வீட்டுக்காரி "ஏங்க, திரும்பி வரும்போது நான் ஃபெரியில வர்றேன்" என்றாள். ஆனால் அடுத்த நாள் அதே போட்டில்தான் வந்தாள், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல்.

பினாங்குக்குத் தெற்கே இருக்கும் புலாவ் கெண்டி தீவுக்குப் போக இந்தத் தொல்லை கிடையாது. கரையிலிருந்து அதிக தூரமில்லை, ஓடி வந்துவிடலாம். ஓடி வர வேண்டிய நாளும் வந்தது. ஒரு ஜூன் மாத விடியற்காலை, மேற்கே அடிவானத்தில் மை தடவின மாதிரி ஒரு பட்டை. சுமத்ரா காற்று, சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று அடிக்கும் புயல்காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் பின்னும் வரும், முதலில் ஒரு குளிர்காற்று முகத்தில் படும், பிறகு யோசிக்க நேரம் இருக்காது. தூண்டிலை அறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினோம். பின்னாலிருந்து வந்த ஒரு அலை பின்பலகையைத் தாண்டிக் கணுக்கால்வரை உள்ளே கொட்டியது. தளத்துத் தண்ணீர் பக்க ஓட்டைகள் வழியே தானே வடிந்து போனதைப் பார்த்த அன்றைக்கு அந்தப் போட்டைக் கும்பிட்டேன். மச்சான், நீ எத்தனை அடி வாங்கினாலும் இந்த ஒன்றை மட்டும் பார்த்து வாங்கு: தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, தண்ணீர் தானாக வடிகிறதா. தளத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் இறைக்கும் பம்பை நம்பாதே, என்னுடையதில் அதை முடுக்கும் மிதவை சுவிட்சை மூன்று தடவை மாற்றிவிட்டேன்.

அப்போ பெரிசு வாங்கட்டுமா என்பாய். 25 அடிக்கு மேல் என்றால் குழிக்குள் விழுவது நிறையக் குறையும், இரட்டை என்ஜின் வைக்கலாம், ஒன்று நின்றால் இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுவரும். சரிதான். ஆனால் நான் சனிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து, ஹைலக்ஸ் வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டி, தண்ணீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துச் சரிவில் இறக்கி, யாரையும் கெஞ்சாமல் தனியாகவே கடலுக்குள் போய்விடுவேன். தண்ணீர் வற்றினால் அதே இடம் முழங்கால் சேறு, பெரிய போட்டோடு அங்கே மாட்டினால் ஏற்றம் வரும்வரை கொக்கு மாதிரி நிற்க வேண்டியதுதான். அதை மரினாவில்தான் கட்ட வேண்டும், மாதாமாதம் வாடகை, அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டக் கூலி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலவு.

ஆக, 21 அடி வாங்காதே. லங்காவி, பாயார் என்று ஆசை இருந்தால் 25-க்குக் கீழே பார்க்கவே பார்க்காதே, V ஆழமாக இருக்கட்டும். என் போட்டைப் போல ஒன்றை யாராவது காட்டினால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடு.

இவ்வளவையும் சுருக்கமாக அவனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்களோடத எனக்குக் குடுத்துடுங்களேன் மச்சான், என்ன விலை?" என்றான். அது பெறுமான விலையைவிடப் பன்னிரண்டாயிரம் ரிங்கிட் கூட்டிச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். எனக்கு இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை.