ஏழும் சேவல்: ஒருநாள் குஞ்சில் பெட்டையைக் கண்டுபிடிக்க எந்த வழி தேறும்?

பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் ஒரு கூடைக்காரரிடம் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் பூசிய பத்துக் குஞ்சுகளை வாங்கி, அல்சூரில் எங்கள் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தேன். முதல் வாரமே மூன்று போய்விட்டன. மிச்சம் ஏழும் வெள்ளை இறகு முளைத்து, கொண்டை சிவந்து வளர்ந்தன. ஒருநாள் விடிகாலை நாலரைக்கு ஒன்று கூவியது. கொஞ்ச நாளில் ஏழும் கூவின. அக்கம்பக்கத்தில் என் பெயர் கெட்டதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முட்டையிலிருந்து வருவது சேவல் பாதி, பெட்டை பாதி. அந்தக் கணக்கில் ஏழும் சேவலாக அமைய 128-ல் ஒரு வாய்ப்புதான். என் ராசியை நொந்துகொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பாட்டி, ஆம்பூர்க்காரர், சிரித்தார். "முட்டை போடுறத எவன்டா கூடையில வெச்சு விப்பான்? பொரிக்கிற எடத்துலயே பெட்டைய எடுத்துக்குவான். மிச்சம்தான் உனக்கு."

அதுதான் விஷயம். முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் சேவல் முட்டையும் போடாது, பிராய்லர்போலச் சதையும் வைக்காது. பல நாடுகளில் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் அதற்குத் தடை போட்டது. இங்கே ஒரு பகுதி சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகிறது.

சரி, அவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்? அது நமக்கு ஆகுமா?

கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதை முதலில் தள்ளிவிடலாம். ஒரு கோழி ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் முட்டையிடும். குஞ்சு மட்டும் இரண்டு விதமாகவும் வரும்.

ஆசனவாய்ப் பக்கத்தை லேசாகப் பிதுக்கிப் பார்ப்பது ஜப்பானியர்கள் 1920, 30-களில் தேர்ந்த வித்தை. கைதேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுகள்வரை பிரிப்பார், எந்த இனமானாலும். ஆனால் பல மாதப் பயிற்சி வேண்டும். நாம் முயன்றால் குஞ்சின் குடல்தான் கெடும்.

மீதி இரண்டு வழிகளுக்கும் அடிப்படை ஒன்று. நம்மில் தகப்பன்தான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறான், பறவையில் தாய். சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. (பெண் குழந்தை பிறந்ததற்கு மருமகளைத் திட்டும் மாமியார்கள் கோழியைத் திட்டினால் அறிவியல்படி சரியாக இருக்கும்.) ஆகவே தாயின் இசட் மகனுக்கு மட்டுமே போகும், மகளுக்கு இருக்கும் ஒரே இசட் அப்பனுடையது.

இதை வைத்து நிறத்தால் பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ரோட் ஐலண்ட் ரெட் என்ற சிவப்பு இனச் சேவலை, கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட பிளைமவுத் ராக் இனப் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் கருப்பாகப் பிறக்கும். உச்சந்தலையில் வெளிர்ப் பொட்டு இருந்தால் சேவல், இல்லையென்றால் பெட்டை. பட்டையையும் இந்தப் பொட்டையும் தரும் மரபணு தாயின் இசட்டில் இருக்கிறது, மகனுக்கே போகிறது. முதல் உலகப் போரில் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது இப்படிச் சேவல்களை முன்கூட்டியே கழிக்கலாம் என்று யோசனை சொன்னவர் கேம்பிரிட்ஜின் மரபியல் அறிஞர் பன்னெட். ஜோடியை மாற்றிப் போட்டால், அதாவது பட்டைச் சேவலும் சிவப்புப் பெட்டையும் என்றால், எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்துவிடும். பிறந்த குஞ்சுகளையே வளர்த்து ஜோடி சேர்த்தாலும் அடுத்த தலைமுறையில் பொட்டு இரு பாலிலும் கலந்துபோகும். ஒரு தலைமுறைக்கு மட்டும் செல்லுபடியாகும் வித்தை.

இறகு வழி இதன் தம்பி. இறக்கையை விசிறிபோல விரித்தால் இரண்டு வரிசை தெரியும். பறக்கும் இறகு, அதை மூடும் சின்ன இறகைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ, மூடும் இறகு நீளமாகவோ இருந்தால் சேவல். இறகு மெதுவாக முளைக்கும் தாய்க்கும் சீக்கிரம் முளைக்கும் தகப்பனுக்கும் பிறந்தால்தான் இது பலிக்கும். அதுவும் முதல் ஓரிரு நாளுக்குள் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையை விரித்து ஜோசியம் சொல்பவரை நம்பாதீர்கள்.

நாட்டுக்கோழிக்குக் காத்திருப்பதுதான் வழி. ஆறு, எட்டு வாரத்தில் கொண்டை பேசும். மொட்டைமாடியில் நாலைந்து வளர்ப்பவருக்கு விலை கூடினாலும் வெடக்கோழியாக வாங்குவதே லாபம். சேவலுக்குப் போடும் தீவனம் மிச்சம், கூவல் தொல்லையும் இல்லை.

குஞ்சுதான் வேண்டும் என்றால் விற்பவரிடம் "பெட்டைதானே?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "தாய் என்ன கலர், தகப்பன் என்ன கலர்?" என்று கேளுங்கள். முழித்தால் கூடையைத் தாண்டி நடையைக் கட்டுங்கள்.