பச்சைக் கல் மாலை: என் ஒரு மாசச் சம்பளம் போச்சு

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும். ஒரு மாசச் சம்பளம், மக்களே! ஆன்லைன்ல லைவ் போட்டு கல் விக்கிற ஒருத்தன்கிட்ட ஏமாந்தேன். கல் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

ரொம்ப நாளா நான் தேடினது வேரிசைட்ங்கிற பச்சைக் கல். டர்க்காய்ஸ்ங்கிற நீலப்பச்சைக் கல்லுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி. ரெண்டுமே நீர் சேர்ந்த அலுமினியம் பாஸ்பேட் வகை. டர்க்காய்ஸ்ல செம்பு உண்டு, இதுல கிடையாது. இதோட பச்சை குரோமியத்தாலயும் வனேடியத்தாலயும் வர்றது.

அவன் இதெல்லாம் தெரிஞ்சு பேசினான். அதுலதான் விழுந்தேன். ஸ்பெயின்ல காவாங்கிற ஊர்ல புதிய கற்காலத்துலயே சுரங்கம் தோண்டி இந்தக் கல்லை மணியா கோத்தாங்கன்னான். தேடிப் பார்த்தேன், நிஜம். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல கிடைக்கும்னான், அதுவும் நிஜம். மனசை அமைதியாக்கும்னும் சொன்னான் (அதை நான் நம்பலை, ஆனா கேட்க நல்லாத்தான் இருந்துச்சு). அப்புறம் ஒரு மணியைத் தண்ணியில முக்கி விளக்குக்குக் கீழ பிடிச்சான். சிலந்தி வலை மாதிரி பழுப்புக் கோடு. "அக்கா, உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன், வேற யாருக்கும் காட்டலை." அவ்ளோதான், ஒரு மாசச் சம்பளத்தை அனுப்பிட்டேன்.

மாலை வந்து போட்ட நாலாம் நாள் வெள்ளைச் சட்டைக் காலர்ல பச்சைக் கறை.

கேட்டா, "அக்கா, நுண்துளை உள்ள கல், வேர்வை, எண்ணெயெல்லாம் உறிஞ்சும், நிறம் மாறும், அதுதான் அசலுக்கு அடையாளம்"னு பதில். பாதி உண்மை! வேரிசைட் எண்ணெய் உறிஞ்சி நிறம் மங்கும்தான். ஆனா துணியில சாயம் விடாது. அதைச் சொன்னதும், "கல் உங்க கெட்ட சக்தியை இழுத்திருக்கு." அடுத்து, "திறந்த பார்சல் திரும்ப எடுக்கிறதில்ல." அதுக்கப்புறம் பிளாக்.

நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சுல தொட்டுத் தேய்ச்சேன். பஞ்சு பச்சை. ஒரு மணியை உடைச்சேன், உள்ள சாக்பீஸ் மாதிரி வெள்ளை. பரிசோதனைக்கூடத்துல கொடுத்தேன்: சாயமேத்தின ஹவ்லைட், அதாவது விலை குறைஞ்ச வெள்ளைக் கல். ஒரு மாசச் சம்பளத்துக்கு!

சரி, டிப்ஸ். துளை ஓரத்தையும் விரிசலையும் உருப்பெருக்கியில பாருங்க, சாயம் அங்கதான் அடர்த்தியா தேங்கும். "பச்சை டர்க்காய்ஸ்"னு மட்டும் எழுதியிருந்தா கனிமத்தோட பேரைக் கேளுங்க. ஆய்வுச் சான்றிதழ் இல்லாம காசு அனுப்பாதீங்க. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க, நான் எடுக்கலை. அசிட்டோனை அசல் கல்லு முழுக்க ஊத்திடாதீங்க, ஒரு ஓரத்துல மட்டும். இன்னும் நிறைய எழுதணும்னு இருந்தேன், தங்கச்சி போன்ல கூப்பிட்டு அவன் இப்பவும் லைவ்ல இருக்கான்னு சொல்றா. அவ கணக்குல போய்ப் பார்த்துட்டு வர்றேன்.