'ஆடியோ பேட்டரி பெட்டி' வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

'ஆடியோ பேட்டரி பெட்டி' ஒன்றை வாங்கி ஏமாந்து மூன்று வாரமாகியும் மனம் ஆறவில்லை. அதே பெட்டியை வாங்க நினைத்திருப்பவர்களில் ஒருவராவது தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இசைத்தட்டு கேட்பவன். ஊசி முனையிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஃபோனோ பிரீஆம்ப் ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்குகிறது. அந்த இடத்தில் மின்சாரத்தோடு எந்த அழுக்கு கலந்து வந்தாலும் ஸ்பீக்கர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். என் வீட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரீஆம்புக்கு மின்சாரம் தரும் அடாப்டர்தான் குற்றவாளியா என்று பார்க்க, எட்டு டபுள் ஏ செல்களை ஒரு ஹோல்டரில் வரிசையாகப் போட்டு, 12 வோல்ட்டாக்கி இணைத்தேன். ரீங்காரம் அப்படியே அடங்கிவிட்டது. வயலின் வில் தந்தியைத் தொடுவதற்கு முன் இருக்கும் அந்த நொடி மௌனத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அடிக்கடி செல் மாற்றுவது கட்டுப்படியாகாது. அதனால் சார்ஜ் செய்துகொள்ளும் பெட்டி ஒன்றைத் தேடி, இணையத்தில் வாங்கினேன். '12 வோல்ட், 20,000 மில்லி ஆம்பியர் மணி, இரைச்சலே இல்லாத தூய பேட்டரி மின்சாரம், ஆடியோவுக்கென்றே செய்தது' என்பது விளம்பரம். கறுப்பு அலுமினியப் பெட்டி, பார்க்க நேர்த்தியாக இருந்தது.

முதல் நாளே ரீங்காரம் போய், அதன் இடத்தில் மெல்லிய கீச்சொலி ஒன்று வந்து உட்கார்ந்தது. விற்றவருக்கு எழுதினேன். "புது பேட்டரி அப்படித்தான் இருக்கும், மூன்று முறை முழுதாக சார்ஜ் ஏற்றி இறக்குங்கள்" என்று பதில் வந்தது. செய்தேன். "இன்னும் இரண்டு முறை செய்து பாருங்கள்" என்றார்கள். அதையும் செய்தேன். இதற்குள் திருப்பி அனுப்புவதற்கான பத்து நாள் கெடு முடிந்துவிட்டது. அந்தப் பதில்கள் எதற்காக வந்தன என்பது அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றைப் பெட்டியில் மாட்டி, நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டேன். உண்மையான பேட்டரி என்றால் வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். மூன்று லித்தியம் அயன் செல்களை வரிசையாக இணைத்த பேட்டரி 12.6 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாகச் சரியும். இதுவோ கடைசி வரை 12.0 என்று கல்லாக நின்று, 1 மணி 45 நிமிடத்தில் சட்டென்று செத்தது. சொன்ன கணக்குப்படி (12 வோல்ட் × 20 ஆம்பியர் மணி) 240 வாட் மணி; பல்பு 24 மணி நேரம் எரிந்திருக்க வேண்டும். 20,000 என்ற எண்ணை 3.7 வோல்ட் செல்லுக்கு என்று தயவாக எடுத்துக்கொண்டாலும் 74 வாட் மணி, அதாவது ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். எனக்குக் கிடைத்தது 18 வாட் மணிகூட இல்லை.

திருகுகளைக் கழற்றினேன். உள்ளே '18650' என்ற அளவில் ஆறு லித்தியம் அயன் உருளை செல்கள், எல்லாம் பக்க இணைப்பில் (parallel). அப்படி இணைத்தால் வோல்ட்டேஜ் ஏறாது. ஆக, பேட்டரி வெறும் 3.7 வோல்ட்தான். அதை 12 வோல்ட்டாக ஏற்றுவதற்கு, நகத்தளவு செம்புச் சுருள் கொண்ட ஒரு கன்வெர்ட்டர் பலகை! விலை மலிந்த அடாப்டரில் எதற்குப் பயந்து ஓடி வந்தேனோ அதே ஸ்விட்சிங் சுற்றுதான், அதாவது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும் சுற்றுதான், இதிலும். இத்தகைய கன்வெர்ட்டர் முழு வேலை செய்யும்போது காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஓடும். ஃபோனோ பிரீஆம்ப் போல மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் கருவியை மாட்டினால், பல கன்வெர்ட்டர்கள் விட்டு விட்டு வேலை செய்யத் தொடங்கும். அந்தத் துடிப்பு காது கேட்கும் எல்லைக்குள் இறங்கிவிடும். என் கீச்சொலி அதுதான். சோதிக்க, பிரீஆம்போடு அந்தப் பல்பையும் சேர்த்து மாட்டினேன், ஒலி மறைந்தது. கழற்றினேன், திரும்பி வந்தது.

செல் ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தேன்: 33 கிராம். நல்ல 18650 செல் பொதுவாக 45 கிராம் அளவில் இருக்கும். மேலே 3400 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த உறை வேறு. என்னைப் பதறவைத்தது இவை எதுவுமல்ல. பெட்டிக்குள் எங்கேயும் ஃபியூஸ் இல்லை. வெளியே போகும் வயரில் ஷார்ட் ஆனால் தடுக்க ஒன்றும் கிடையாது. இதையா இரவெல்லாம் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினேன்!

படங்களோடு புகார் அனுப்பினேன். "பெட்டியை நீங்களே திறந்துவிட்டீர்கள், உத்தரவாதம் செல்லாது" என்று ஒரே வரி. அத்தோடு பதில் நின்றது.

வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள், உள்ளே எத்தனை செல், வரிசையிலா பக்கத்திலா, கன்வெர்ட்டர் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாட் மணி கணக்கைக் கேளுங்கள். கையில் வந்த அன்றே மீட்டரும் பல்பும் வைத்துப் பார்த்துவிடுங்கள். "சில முறை சார்ஜ் செய்து பாருங்கள்" என்ற பேச்சுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள். அதற்கும் முன்னால் உங்கள் கருவியின் அடாப்டரைத் திருப்பி அதன் வெளியீட்டைப் படியுங்கள். சில பிரீஆம்ப்களுக்கு ஏசி வெளியீடு தரும் அடாப்டர்தான் வரும். அவற்றில் பேட்டரியை மாட்டவே கூடாது. டிசி என்றால், பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் கருவி போய்விடலாம். பவர் பேங்கும் இதற்கு மாற்று ஆகாது: அதற்குள்ளும் கன்வெர்ட்டர்தான், போதாக்குறைக்குக் குறைந்த மின்சாரம் இழுத்தால் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும்.

இப்போது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரி ஒன்றில் கேட்கிறேன். பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கிறேன். முழு சார்ஜ் ஏறி ஓய்ந்த பின் 12.8 வோல்ட் அளவில் காட்டும்; சார்ஜரைக் கழற்றிய உடனே அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். என் பிரீஆம்ப் அதைத் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொண்டேன். கேட்கும்போது சார்ஜரைக் கழற்றிவிடுவேன், இல்லையென்றால் பழைய ரீங்காரம் அதன் வழியாகவே திரும்பிவிடும். அந்த ஆறு செல்களையும் முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்தாயிற்று. அந்தப் பெட்டி உங்களிடம் இருந்தால், ஆளில்லாத நேரத்தில் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.