.22 ரிம்ஃபயர் குழலும் .223 சென்டர்ஃபயர் குழலும்: எது நீடிக்கும்?

துப்பாக்கிக் குழலைத் தின்பது குண்டன்று, வெடிமருந்தின் சூடான வாயுவே. ரிம்ஃபயர் தோட்டாவில் ஊசி அடிப்பது அடிப்பாகத்தின் விளிம்பில்; சென்டர்ஃபயரில் அதன் நடுவில். ரிம்ஃபயரான .22 லோங் ரைபிள் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 இறாத்தல்; .223 இல் அது 55,000. பின்னதில் மருந்தும் பன்மடங்கு அதிகம் என்பதால், தோட்டா அமரும் அறையை அடுத்துள்ள வரித்தொடக்கம் (குழலின் உட்சுருள் வரிகள் தொடங்கும் இடம்) சில ஆயிரம் வேட்டுகளிலேயே அரிக்கப்பட்டுக் குறி சிதறத் தொடங்கும். ஈயக் குண்டைச் செலுத்தும் ரிம்ஃபயர் குழலோ, பேணினால், பல பத்தாயிரம் வேட்டுகளைத் தாங்கும்.

ஆயினும் ரிம்ஃபயர் குழல் பெரும்பாலும் சுட்டுத் தேய்வதில்லை, துடைத்தே கெடுகிறது. வாய்ப்பக்கமாக இரும்புக் கம்பியைச் செலுத்தினால், அது உரசும் வாய்விளிம்பு ஒருபுறம் மழுங்கி, குண்டு விலகும். அறைப்பக்கமிருந்து எண்ணெய்த் துணியை நூலால் இழுப்பதே நல்லது. வெற்று அறையில் விசையை அழுத்துவதும் தவறு; தோட்டா இல்லாததால் ஊசி அறை விளிம்பிலேயே அடித்துப் பள்ளமிடலாம்.

வன்னியில் கார்த்திகை, மார்கழி மழையில் பன்றிக் காவலுக்குப் பரணில் விடியும்வரை நனைந்த எஃகுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. காலையில் வாய்விளிம்பில் விரலை வைத்தால் ஒட்டும் செம்பொடி, இரண்டு குழல்களுக்கும் ஒன்றே. உறைக்குள் ஈரத்தோடு வைப்பதைவிட, துடைத்து எண்ணெயிட்டுத் திறந்தே வைக்கலாம்.