18,000 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கிய கிராண்ட் புரபோசல்: என் அனுபவம்

வட சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மருத்துவ ஆராய்ச்சிக்கு கிராண்ட் புரபோசல் (நிதி கேட்டு அனுப்பும் ஆய்வுத் திட்டம்) எழுதித் தரும் சேவை ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன்னால் பயன்படுத்தினேன், அதைப் பற்றித்தான் இது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டுவது என் நோக்கமே கிடையாது, இதே மாதிரி விளம்பரம் எங்கள் டாக்டர்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் மாதம் இரண்டு வருகிறது, கடைசித் தேதி நெருங்கும்போது யாராவது ஒருவர் பதறிப்போய் பணம் கட்டிவிடுகிறார். நானும் அப்படித்தான் கட்டினேன்.

என் ஆய்வுக் கேள்வி எளிமையானது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கமிருந்து எங்கள் ஓபிக்கு வரும் காசநோயாளிகளில் தினக்கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாத்திரையை நடுவில் ஏன் விடுகிறார்கள்? அதை நான் போனில் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள், சொன்ன தேதிக்குள் அனுப்பினார்கள். அந்த மூன்றுக்கும் குறை சொல்ல மாட்டேன்.

வந்தது 32 பக்கம். ஆங்கிலம் வழவழவென்று இருந்தது, படங்கள், அம்புக்குறிகள், கலர் கலராகக் கால அட்டவணை. பார்த்தவுடன் எனக்கே பெருமையாக இருந்தது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்ததால் மேலோட்டமாகப் படித்துவிட்டு அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து நிராகரிப்பு வந்தது. ரிவியூவர்கள், அதாவது புரபோசலை மதிப்பிட்ட நிபுணர்கள், எழுதிய கருத்துகளைப் படித்த பிறகுதான் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். பட்ஜெட்டில் மைனஸ் 80 டிகிரி டீப் ஃப்ரீசர் இருக்கிறது. எங்கள் ஆய்வில் யாருக்கும் ரத்தமே எடுக்கப்போவதில்லை, நோயாளிகளிடம் பேசுவதும் மாத்திரைப் பதிவைப் பார்ப்பதும்தான் வேலை. வேறு யாருக்கோ எழுதியதிலிருந்து அந்தப் பக்கம் அப்படியே வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் களப்பணியாளருக்கு பஸ் காசு என்று ஒரு ரூபாய்கூட இல்லை. தமிழ் ஒப்புதல் படிவத்தில் ஆய்வில் பங்கேற்பவரை, ஆங்கில "சப்ஜெக்ட்" என்பதை அப்படியே மொழிபெயர்த்து, "பாடப்பொருள்" என்று எழுதியிருந்தார்கள். ஐயா, மீன் ஏலம் எடுக்கும் இடத்தில் மூட்டை தூக்குகிற மனிதரிடம் போய், நீங்கள் ஒரு பாடப்பொருள், கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிக் கேட்பேன்? இதைப் பார்த்தபோதுதான் கோபமே வந்தது. ஃப்ரீசரைவிட இது பெரிய தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் ரிவியூவர்கள் முதலில் பிடித்தது சாம்பிள் சைஸை, அதாவது ஆய்வில் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கை. எங்கள் எச்ஓடி சொல்லி, ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். முதல் பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை, நேராக அந்தப் பக்கத்துக்குப் போய், "ஏம்மா, இந்த 384 எங்கேயிருந்து வந்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பென்சிலை எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒரு விஷயம் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கும் என்று ஒன்றுமே தெரியாவிட்டால் 50 என்று வைத்துக்கொண்டு, 5 சதவீதம் முன்னே பின்னே என்று கணக்குப் போட்டால் வருகிற எண் அது. அதனால்தான் பாதி ஆய்வுகளில் 384 இருக்கிறது. "உன் ஓபி ரெஜிஸ்டர் என்ன சொல்கிறது?" என்று கேட்டார். மறுநாள் போய் எண்ணினேன். 110 பேரில் 22 பேர் ஒரு வாரமாவது மாத்திரையை விட்டிருந்தார்கள், அதாவது 20 சதவீதம். அதே சூத்திரத்தில் 20 போட்டால் 246. பத்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்தால் 274.

அதோடு விடவில்லை அவர். மாதம் எத்தனை பேர் புதிதாக வருகிறார்கள் என்றார். பதினைந்து. பழைய புரபோசலில் 384-க்கும் பத்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்து 427 பேர், மாதம் பதினைந்து என்றால் ஆட்களைச் சேர்க்கவே 28 மாதத்துக்கு மேல் ஆகும், மொத்த ப்ராஜெக்டோ 24 மாதம். அந்தக் கலர் அட்டவணையில் 12 மாதத்தில் சேர்த்து முடிப்பதாகப் போட்டிருந்தது! இதை ஒரு ரிவியூவர் ஒரே வரியில் எழுதியிருந்தார், நான்தான் முதலில் அது புரியாமல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு மையத்தைச் சேர்த்தோம், அங்கே மாதம் பத்துப் பேர். மொத்தம் 25, பதினொரு மாதத்தில் முடியும். முன்னேற்பாட்டுக்கு மூன்று மாதம், கடைசியாகச் சேர்ந்தவரைப் பின்தொடர ஆறு மாதம், மீதி நான்கு மாதம் கணக்குப் பார்க்கவும் எழுதவும். 24 சரியாக வந்தது.

அவர் ஒரு பைசா வாங்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் செய்த உருப்படியான காரியம், பிசிபிஆர் (மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் படிப்பு) வகுப்புகளை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தது. அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்துகிற ஆன்லைன் வகுப்பு, முதுநிலை மருத்துவ மாணவர்களுக்குக் கட்டாயமானது, என்பிடெல் என்ற ஆன்லைன் கல்வித் தளம் மூலமாக வருகிறது. கட்டாயம் என்பதாலேயே நம்மில் பலர் சான்றிதழுக்காக ஓட்டிவிட்டுப் போய்விடுகிறோம், நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன். கையில் நிராகரிக்கப்பட்ட புரபோசலை வைத்துக்கொண்டு பாருங்கள், ஒவ்வொரு வகுப்பும் உங்களோடு பேசும். ஆய்வுக் கேள்வியை எப்படிக் கூர்மையாக்குவது, எந்த வகை ஆய்வு எதற்குப் பொருந்தும், சாம்பிள் சைஸ், எதிக்ஸ், புரோட்டோகால் எழுதுவது எல்லாம் இருக்கிறது. மனதாரச் சிபாரிசு செய்கிறேன்.

கேள்வி கூர்மையாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சேத்துப்பட்டில் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956-ல் தொடங்கியது. அங்கே முதலில் கேட்ட கேள்வி ஒரே ஒரு வரி: காசநோயாளியை சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) சேர்க்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் அதே அளவு குணமாகுமா? 193 நோயாளிகள், எல்லாருக்கும் ஒரு வருடம் அதே மருந்துகள், பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் சானடோரியத்தில். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, வேலைக்கும் போனார்கள், ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளியானது, காசநோய் சிகிச்சையே உலகம் முழுக்க மாறியது. எனக்கு எழுதித் தந்த புரபோசலில் முதல் பக்கத்திலேயே ஒன்பது நோக்கங்கள் இருந்தன. இரண்டாவது தடவை நான் ஒன்று முதன்மை, இரண்டு துணை என்று நிறுத்திக்கொண்டேன்.

பட்ஜெட்டை உட்கார்ந்து நானே போட்டேன். களப்பணியாளர் இரண்டு பேர், அவர்களுக்கு பஸ் பாஸ், பிரிண்ட் செலவு. ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் அது எதற்கு என்று இரண்டு வரி. காசிமேட்டில் துறைமுக வேலைக்கு விடிகாலை இரண்டு மணிக்கே கிளம்புகிறவர்களைப் பகல் ஓபியில் பிடிக்க முடியாது, அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். ஒப்புதல் படிவத்தை எங்கள் ஓபியில் இருக்கும் நர்ஸ் அக்காவிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவர் தடுக்கிய இடமெல்லாம் மாற்றினேன். மொத்தம் 14 பக்கம், ஆங்கிலம் சுமார்தான். அதற்குத்தான் நிதி கிடைத்தது.

சேவைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. நேரத்துக்குத் தந்ததற்கும் ஆங்கிலத்துக்கும். நீங்களே எழுதி முடித்த புரபோசலை மொழி மட்டும் திருத்தித் தரச் சொன்னால் ஒருவேளை காசுக்கு ஏற்ற வேலையாக இருக்கலாம். கேள்வி, சாம்பிள் சைஸ், பட்ஜெட், ஒப்புதல் படிவம் இந்த நான்கையும் வெளியே கொடுக்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் போனில் ஒன்று கேளுங்கள்: சாம்பிள் சைஸ் கணக்கை யார் போடுவார்கள், அவரோடு நான் பேச முடியுமா? எனக்கு எழுதித் தந்த இடத்தில் இதைப் பிறகு கேட்டபோது, அதற்கென்று தனியாக ஆள் இல்லை மேடம் என்றார்கள்.